பாய்க்கடியில் இரும்பு

பிரசவம் முடிந்து ஐந்தாம் நாள் மகளையும் குழந்தையையும் ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். முதல் பிரசவம் பெண்ணைப் பெற்றவர்கள் பொறுப்பு. ஐந்தாம் மாதம் நல்ல நாள் பார்த்து, பவானியிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்து இருவரையும் கூட்டிப் போவார்கள். அதுவரை தாயும் பிள்ளையும் என் கையில். வீட்டுக்குள் வந்ததும் நான் செய்த முதல் காரியம், குழந்தையைக் கிடத்தும் பாய்க்கு அடியில், தலைமாட்டில், ஒரு சின்ன இரும்புக் கத்தியை வைத்ததுதான்.

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுப்பவள். வருடா வருடம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மூன்று சோதனைக் குழாய்களில் ஆணி போட்டு, எதில் துருப்பிடிக்கிறது, எதில் பிடிக்கவில்லை என்று காட்டுகிறேன். இரும்பைப் பற்றி எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தும் வைத்தேன். பச்சைக் குழந்தை படுத்திருக்கும் இடத்தில் இரும்பு இருந்தால் காத்து கருப்பு அண்டாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அரிவாளோ, ஆணியோ, கையில் கிடைப்பது எதுவானாலும் சரி. நம்பி வைக்கிறவர்கள் குறைவு. வைக்காமல் இருக்கத்தான் பயம்.

"ஏனுங்க டீச்சரம்மா, இது எந்தப் பாடத்துல வருதுங்க?" என்றார் என் வீட்டுக்காரர்.

"கம்முனு இருங்க. ஒரு கத்தி பாய்க்கடியில இருந்தா உங்களுக்கு என்ன குத்துது?"

மகள் படுத்தபடியே சிரித்தாள். அதற்குப் பிறகு வெகுநாள் அவள் சிரிக்கவில்லை. அதனால்தான் அந்தச் சிரிப்பு எனக்கு இவ்வளவு தெளிவாக ஞாபகம் இருக்கிறது.

மூன்றாவது வாரம் பாயை உதறிப் போடும்போது கத்தியைக் காணோம்.

"நாந்தானுங்கம்மா எடுத்து வச்சேன். பாப்பாவுக்குக் குத்தும்."

குத்தாதபடி ஒரு பழைய வேட்டித் துணியில் சுற்றி மறுபடியும் வைத்தேன். மறுநாள் அதுவும் இல்லை. கேட்டதற்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு, "வேண்டாங்கம்மா" என்றாள். அவ்வளவுதான். அவள் குளிக்கப் போன நேரம் பீரோவின் மேலிருந்து அதை எடுத்து இந்த முறை கால்மாட்டில் வைத்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் இல்லை. நான் வைப்பதும் அவள் எடுப்பதுமாகப் பத்து நாள் போயிற்று. இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெற்ற தாய் சொல்வதைக் கேட்காத பிடிவாதம் என்றுதான் நினைத்தேன்.

குழந்தைக்குத் தண்ணீர் ஊற்ற அடுத்த வீதியிலிருந்து ஒரு அம்மா வருவார். குளியலறையில் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலின்மேல் குப்புறப் போட்டுக்கொண்டு, வெந்நீரை அள்ளி அள்ளி ஊற்றுவார். பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுக்க வேண்டியவள் மகள். அவள் வாசற்படியைத் தாண்ட மாட்டாள்.

"ஏ அம்மிணி, பெத்தவ நீயா நானா? இக்கட்ட வந்து தலையப் புடி."

"எனக்குப் பயமா இருக்குதுங்கக்கா."

"என்னத்தப் பயம்? புள்ளை என்ன முறுக்கா, நொறுங்கிப் போறதுக்கு? பாருங்க டீச்சர், பத்து மாசம் சொமந்தவளுக்குத் தொடறதுக்குப் பயமாம்!"

"இவுங்கெல்லாம் போனுல பாத்துப் புள்ளை வளக்கறவங்க" என்று நானும் சேர்ந்து சிரித்தேன். மகள் இரண்டு கைகளையும் துப்பட்டாவுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்குப் பின்னால், பொடக்காலியில், பழைய கிணறு ஒன்று இருக்கிறது. போர் போட்ட பிறகு யாரும் இறைப்பதில்லை. இரும்புக் கம்பி மூடி போட்டு வைத்திருக்கிறோம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் அந்தப் பக்கம் போவதே இல்லை. துணி காயப்போட மொட்டை மாடிக்கும் போக மாட்டாள். நான் கழிப்பறைக்குப் போனால், குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நிற்பாள். "அம்மா, வெசையா வாங்க." உள்ளேயிருந்து எனக்கு எரிச்சலாக வரும்.

நாற்பத்தைந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பிரசவம் பார்த்த டாக்டரம்மா மகளிடம், "தூக்கம் எப்படி இருக்கு? அழுகை வருதா? மனசுல வேண்டாத எண்ணம் ஏதாச்சும்?" என்று கேட்டார். மகள் வாயைத் திறப்பதற்குள், "அதெல்லாம் நல்லாத்தானுங்க இருக்கறா" என்றேன் நான். டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு மனநல மருத்துவரின் முகவரியை எழுதிக் கொடுத்தார். "சும்மா வச்சுக்கோங்க." அதை நாலாக மடித்துக் கைப்பையின் உள் ஜிப்பில் போட்டேன். ஏறக்குறைய ஒரு மாதம் அது அங்கேயே இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் ஒரு நாள் காலை, உலை வைக்க அரிசி டிரம்மில் படியை விட்டேன். அடியில் ஏதோ இரும்பில் இடித்தது. கையை விட்டுத் துழாவினேன். காய் நறுக்கும் கத்தி வந்தது. சில நாளாக அதைத் தேடிக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோல் வந்தது. மடக்கு அருவாமனை வந்தது. குழந்தைக்கு நகம் வெட்டுவது, ஊக்குக் கொத்து, கடைசியில் வேட்டித் துணி சுற்றிய என்னுடைய சின்னக் கத்தி. எல்லாவற்றையும் தரையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். இத்தனையையும் சேர்த்து வைத்திருக்கிறாள், எதற்கோ சேர்த்து வைத்திருக்கிறாள் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அதுதான் தோன்றியது.

கூடத்தில் பவானி ஜமக்காளத்தின்மேல் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு கண்ணு அதையெல்லாம் அரிசிக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கறே?"

"கண்ணுல படக்கூடாதுன்னுங்கம்மா."

"யாரு கண்ணுல?"

"என்ற கண்ணுல. நாந்தானுங்கம்மா பாக்கக்கூடாது."

குழந்தை குடித்து முடித்து, வாயோரம் பாலோடு அவள் மடியில் தூங்கிவிட்டிருந்தது. அவள் அதைப் பார்க்காமல், எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"கத்தியப் பாத்தா பாப்பா தெரியுதுங்கம்மா. கெணத்தப் பாத்தா பாப்பா தெரியுது. அந்தக்கா தண்ணி ஊத்தறப்ப, அவங்க கையில இல்ல, என்ற கையில பாப்பா இருக்கற மாதிரி, நான் தண்ணிக்குள்ள... நான் நெனைக்கறதில்லைங்கம்மா. அதுவா வருது. வேண்டாம் வேண்டாம்னா இன்னும் ஜாஸ்தியா வருது. பாப்பாவ நான் ஏதாச்சும் பண்ணிப்போடுவனோன்னு பயமா இருக்குதுங்கம்மா."

ஒரு தாயிடம் மகள் வந்து சொல்லக்கூடியதில் இதைவிடக் கடினமானது என்ன இருக்க முடியும் என்று இப்போது நினைக்கிறேன். அவள் அதைச் சொன்னாள். கேட்டுக்கொண்டு நின்ற நான் குனிந்து, அவள் மடியிலிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டேன்.

யோசித்து எடுக்கவில்லை. கை போயிற்று, எடுத்தது. அவள் தடுக்கவில்லை. காலியான மடியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினாள். அவளுக்குத் தன்மேல் இருந்த சந்தேகத்தைப் பெற்ற நானே உறுதி செய்துவிட்டேன்.

அன்றிலிருந்து நான் காவல். ஏற்கெனவே போட்டிருந்த விடுப்பை நீட்டித்துக்கொண்டேன். கிணற்று மூடிக்குப் பூட்டு, மாடிக் கதவுக்குப் பூட்டு, சமையலறைக்கு வெளித் தாழ்ப்பாள். பால் கொடுக்கும் நேரம் மட்டும் குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். கையில் பரீட்சைத் தாளோ எதுவோ இருக்கும். கண் அவள் விரல்களில் இருக்கும். அவளுக்கும் அது தெரியும். விரல்களை நான் பார்க்கும்படி விரித்தே வைத்திருப்பாள்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"மனசு நம்முளுதுதானே கண்ணு. அது நாம சொல்றதக் கேக்கோணுமா, நாம அது சொல்றதக் கேக்கோணுமா? நீ படிச்ச புள்ளை. கொஞ்சம் அடக்கிப் பழகு."

"அடக்கித்தானுங்கப்பா பாக்கறேன்."

"இன்னும் கொஞ்சம்."

சர்க்கரை வியாதிக்காரர் அவர். எனக்குத் தெரியாமல் தெருமுனைப் பேக்கரியில் தேங்காய் பன் வாங்கித் தின்றுவிட்டு வருவார். ஆனால் அவர் சொன்னதையேதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். மனதைக் கட்டுப்படுத்து. நல்லதை நினை. சாமி பாட்டுக் கேள். அவள் நாங்கள் சொன்னது ஒவ்வொன்றையும் செய்தாள். செய்யச் செய்ய இளைத்துக்கொண்டு போனாள். "அம்மா, நான் இப்பப் பாப்பாவோட கழுத்தத் தொட்டனா?" என்று கேட்பாள். இல்லை என்பேன். "நல்லாப் பாத்தீங்களா?" பார்த்தேன் என்பேன். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் கேட்பாள். ஒரு நாளில் எத்தனை முறை அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொன்னேன் என்று தெரியாது. ஒவ்வொரு முறை சொல்லும்போதும், நிஜமாகவே நான் நன்றாகப் பார்த்தேனா என்று எனக்கே சந்தேகம் வரும்.

இதற்கிடையில் சம்பந்தியம்மா போன் செய்வார். "ஏனுங்க சம்பந்தி, எங்க பேத்தி என்ன பண்றாங்க? ஐயர்கிட்டக் கேட்டுப் போட்டங்க. அடுத்த மாசம் இருபது தேதிக்கு மேல நல்ல நாளா இருக்குது." நான், "வாங்க, வாங்க, பேத்தி உங்களத்தான் தேடறா" என்பேன். அவர்கள் வந்தால் இவள் அங்கே போக வேண்டும். அங்கே காவலுக்கு நான் இருக்க மாட்டேன். விஷயத்தைச் சொன்னால் குழந்தையை மட்டும் தூக்கிக்கொண்டு போவார்கள், இவள் இங்கேயே நின்றுவிடுவாள், பிறகு எப்போதும் இங்கேதான். இந்த இரண்டில் எது நடந்தாலும் எனக்கு மகள் மிஞ்ச மாட்டாள் என்று தெரிந்தது. மாப்பிள்ளையிடம் சொல்லட்டுமா என்று அவள் இரண்டு தடவை கேட்டாள். வேண்டாம் என்றேன்.

ஒரு மத்தியானம், குழந்தை தூங்கிய பிறகு, என்னுடைய பழைய நூல் சேலையில் கிழித்த ஒரு நீளத் துண்டைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"நானும் கொஞ்சம் படுக்கறேன். தூக்கத்துல எந்திரிச்சு எதாச்சும் செஞ்சுபோட்டன்னா? கையக் கட்டிலோட கட்டிப்போடுங்கம்மா."

வெளியே நல்ல வெயில். எதிர்வீட்டில் யாரோ மாவரைக்கும் சத்தம் கேட்டது. நான் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அவளைக் கட்டிப்பிடித்து அழுதிருக்கலாம். கட்டிலின் காலோடு அவள் வலது மணிக்கட்டைச் சேர்த்துக் கட்டினேன். நரம்பில் அழுந்தாதபடி, ஆனால் அவிழாதபடி. முடிச்சை இழுத்துப் பார்த்தேன். அவளும் இழுத்துப் பார்த்தாள். "சரியா இருக்குதுங்கம்மா" என்றாள். கண்ணை மூடி, எத்தனையோ நாளுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் தூங்கினாள். கதவோரம் உட்கார்ந்து நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மூன்று மத்தியானம் அப்படிக் கட்டினேன். நான்காம் நாள் காலை பத்து மணிக்கு, குழந்தையைக் குளிப்பாட்டி உடுப்புப் போட்டுவிட்டுத் திரும்பினால் மகளைக் காணோம். செருப்பும் இல்லை. போன் மேஜைமேல் இருந்தது.

முதலில் கிணற்றுக்குத்தான் ஓடினேன். பூட்டு போட்டபடி இருந்தது. இருந்தும் கம்பிகளுக்கிடையில் முகத்தை வைத்து உள்ளே பார்த்தேன். கறுப்பாகத் தண்ணீர். பிறகு மாடி. பிறகு பீரோவுக்குள்கூடப் பார்த்தேன் என்று வீட்டுக்காரர் பின்னால் சொன்னார், எனக்கு ஞாபகம் இல்லை. அவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீதி வீதியாகப் போனார். குழந்தை பசியில் அழ ஆரம்பித்தது.

பன்னிரண்டு மணி சுமாருக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"அம்மா, நான் உக்கடம் பஸ் ஸ்டாண்டுல இருக்கேன். பால் கட்டிக்கிச்சு. ரொம்ப வலிக்குதுங்கம்மா."

குழந்தையை, அதற்குள் திரும்பி வந்திருந்த வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சுடிதாரின் முன்பக்கம் முழுக்க நனைந்து, துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கொய்யாக்கூடையோடு ஒரு அம்மா. போன் கொடுத்தது அவர்தான். என்னைப் பார்த்ததும் சத்தம் போட்டார்.

"நீங்கதான் இந்தப் புள்ளையப் பெத்தவங்களா? பச்ச ஒடம்புக்காரிய இப்புடித் தனியா உட்டுப்போட்டு ஊட்டுல என்னங்க பண்றீங்க? மொகத்தப் பாருங்க. ஒரு மணி நேரமா பக்கத்துக் கொளத்தங்கரையில நின்னுச்சு. நாந்தான் கையப் புடிச்சுக் கூட்டியாந்து உக்கார வச்சேன்."

"எதுக்கு கண்ணு இங்க வந்தே?" என்றேன்.

"பாப்பாகிட்ட இருந்து தூரமாப் போலாம்னு வந்தேன். கையில இருந்த காசுக்கு இவ்வளவு தூரந்தான் வர முடிஞ்சுது." கொஞ்சம் கழித்து, "கொளத்தப் பாத்தேன். அப்ப பால் கசிஞ்சுது. பாப்பா அழுதிருக்கும்னு நெனைச்சேன்" என்றாள்.

கைப்பையின் உள் ஜிப்பைத் திறந்து அந்தச் சீட்டை எடுத்தேன். மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது. அங்கிருந்து நேராக அந்த முகவரிக்கே போனோம். வீட்டுக்காரர் ஆட்டோவில் குழந்தையைக் கொண்டுவந்தார்; பால் கொடுத்த பிறகே மகள் உள்ளே போனாள்.

என் வயதுள்ள ஒரு பெண் மருத்துவர். முதலில் மகளிடம் தனியாக ஒரு மணி நேரம் பேசினார். பிறகு என்னையும் உள்ளே கூப்பிட்டார். குரல் ஏதும் கேட்கிறதா, குழந்தை வேறு யாரோ போலத் தோன்றுகிறதா, யாராவது இப்படிச் செய் என்று சொல்கிறார்களா என்று என் முன்னாலும் ஒருமுறை கேட்டார். எல்லாவற்றுக்கும் மகள் இல்லை என்றாள்.

"அந்த எண்ணம் வர்றப்ப உங்களுக்கு எப்படி இருக்குது?"

"செத்துப்போயிரலாம்னு இருக்குதுங்க டாக்டர்."

மருத்துவர் என் பக்கம் திரும்பினார். "கத்தியெல்லாம் அரிசிக்குள்ள போட்டது இவங்க. பாய்க்கடியில கத்தி வச்சது யாருங்க?"

"நானுங்க."

"எத்தனை நாளா?"

நான் விரல் விட்டு எண்ணத் தொடங்கினேன். மகள் சொன்னாள், "ஆரம்பத்துல இருந்துங்க. நான் எடுக்க எடுக்க வச்சுட்டே இருந்தாங்க. அங்கதான் பாப்பாவோட தல இருக்கும். பால் குடுக்க எடுக்கறப்பெல்லாம் அது அங்க இருக்குன்னு தெரியும்."

வீட்டில் ஒருமுறைகூட அவள் இதைச் சொன்னதில்லை.

இது ஒரு நோய், பிள்ளை பெற்ற பெண்களுக்கு வருவது, மாத்திரையும் பயிற்சியும் உண்டு என்று மருத்துவர் விளக்கினார். வேண்டாத எண்ணம் எல்லோர் மனதிலும் வந்து போகிறது, இவளுக்கு வந்தது போகாமல் மாட்டிக்கொண்டது என்றார். "மனசக் கட்டுப்படுத்துன்னு ஊட்டுல சொல்லியிருக்கீங்க. எண்ணம் வர்றத யாராலயும் தடுக்க முடியாதுங்க. உங்களாலயும் முடியாது, என்னாலயும் முடியாது. கை என்ன செய்யுதுங்கறதுதான் நம்ம கையில இருக்குது. அத உங்க பொண்ணு இத்தனை வாரமா விடாம செஞ்சிருக்காங்க. அளவுக்கு மீறிச் செஞ்சதுதான் இப்படி ஆகிருச்சு."

அப்போதும் நான் கேட்டேன். "அப்படின்னா இவ குழந்தையை எதுவும் பண்ண மாட்டான்னு நூத்துக்கு நூறு சொல்லுங்க டாக்டர்."

"சொல்ல மாட்டேன்."

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். உட்காரும்படி அவர் கை காட்டினார்.

"இதே கேள்வியத்தான் இவங்க மனசு நாள் பூராக் கேட்டுட்டு இருக்குது. நான் நூறுன்னு சொன்னா, வீட்டுக்குப் போறதுக்குள்ள நூத்தியொண்ணு கேக்கும். எனக்குப் பயம் இந்தக் குழந்தைய நெனைச்சு இல்லைங்க, இவங்கள நெனைச்சுத்தான். கொஞ்ச நாளைக்கு இவங்களத் தனியா வெளிய அனுப்பாதீங்க. ஆனா குழந்தைகிட்ட காவல் இருக்கறத நிறுத்துங்க. பூட்டெல்லாம் எடுங்க. குழந்தைய அவங்ககிட்ட குடுங்க."

மகள் என்னைப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம், என் எதிரிலேயே மாப்பிள்ளைக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு, "சனிக்கிழமை வாரேன்" என்று மட்டும் அவர் சொன்னது எனக்கும் கேட்டது. வந்தார். இரண்டு நாள் இருந்தார். குழந்தையைத் தூக்கி அவள் மடியிலேயே கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பயமே இல்லையா, காட்டிக்கொள்ளவில்லையா என்று தெரியவில்லை. தன் அம்மாவிடம் என்ன சொன்னார் என்றும் நான் கேட்கவில்லை.

மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆயிற்று. பயிற்சி அதைவிட மெதுவாக நடந்தது. முதலில் நான் அறையை விட்டு ஐந்து நிமிடம் வெளியே போக வேண்டும். பிறகு பத்து. "பாப்பாவத் தொட்டனா?" என்று அவள் கேட்டால் பதில் சொல்லக்கூடாது. இல்லை என்ற ஒரு சொல்லை விழுங்குவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கத்தி கத்தி இருக்க வேண்டிய இடத்துக்கு வந்தது. கத்தரிக்கோல் தையல் பெட்டிக்குப் போயிற்று.

பாய்க்கடியில் வைத்துவந்த சின்னக் கத்தியை மறுபடி வைக்காமல் நானே அலமாரியில் போட்டேன். இரண்டு நாள் கழித்து, பாய்க்கடியில் வைக்காமல் தொட்டில் கட்டும் கம்பியின் இடுக்கில் ஒரு ஆணியைச் செருகினேன். மகள் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்கம்மா?"

"ஆணிதானே கண்ணு."

"வைக்கலைன்னா என்னாகும்?"

"ஒண்ணும் ஆகாது."

"அப்புறம் ஏனுங்க வக்கிறீங்க?"

"வைக்காட்டி நெஞ்சு படபடங்குது" என்றேன். அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். "எனக்கும் அப்படித்தானுங்கம்மா இருக்கும்" என்றாள். ஆணியை நானே பிடுங்கி வீதியில் எறிந்தேன். அன்று முழுக்கக் குழந்தை தும்மினால்கூட ஓடிப்போய்ப் பார்த்தேன்.

சம்பந்தி வீட்டார் வருவதற்கு முந்தைய நாள் காலை பதினோரு மணிக்குக் கடைசிப் பயிற்சி. மகள் சமையலறைத் தரையில் அருவாமனையை வைத்து உட்கார வேண்டும். குழந்தை பக்கத்தில் ஜமக்காளத்தில் படுத்திருக்கும். பொரியலுக்கு பீன்ஸ் முழுவதையும் அரிந்து முடிக்க வேண்டும். நான் வீட்டில் இருக்கக்கூடாது. கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். கூப்பிடக்கூடாது, எட்டிப் பார்க்கக்கூடாது. வீட்டுக்காரர் வேண்டுமென்றே பால் பூத்துக்குப் போய்விட்டார்.

கேட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நின்றேன். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. அரியும் சத்தம் கேட்டது. கர், கர் என்று சீராக. குழந்தை ஏதோ குரல் கொடுத்தது. மறுபடி அரியும் சத்தம். எதிர்வீட்டுக்காரம்மா, "என்ன டீச்சர், வெளிய நிக்கறீங்க?" என்றார். "காத்து வாங்கறனுங்க" என்றேன். அவர் உள்ளே போனார்.

அரியும் சத்தம் நின்றது.

குழந்தையின் சத்தமும் இல்லை. ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. கேட்டின் கொண்டியில் என் கை இருந்தது. எப்போது போயிற்று என்று தெரியாது. அன்றைக்கு அவள் மடியிலிருந்து குழந்தையை எடுத்த அதே கை. கொண்டியைத் தூக்கியும் விட்டிருந்தது. இரண்டு எட்டு வைத்தால் ஜன்னல். போனால் என்ன பார்ப்பேன் என்று தெரியாது. அங்கே எதுவுமே நடக்காமல் இருந்தால், அவள் என் முகத்தைப் பார்ப்பாள். அது மட்டும் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கொண்டியைக் கீழே இறக்கினேன். இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன், அவள் குளியலறை வாசலில் நின்ற மாதிரி.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கர், கர் என்று மறுபடி தொடங்கியது.

கடைசியில் அவளே வெளியே வந்தாள். இடுப்பில் குழந்தை, நெற்றியெல்லாம் வேர்வை. "நடுவுல பாப்பா கையக் கொண்டாந்துதுங்கம்மா. நகத்தி வச்சுட்டு அரிஞ்சேன்" என்றாள். நான் உள்ளே போய்ப் பார்த்தேன். பீன்ஸ் ஒரே அளவாக இல்லை. பொரியல் செய்து சாப்பிட்டோம்.

மறுநாள் அவர்கள் பவானிக்குக் கிளம்பிப் போனார்கள். அங்கே போய்ச் சேர்ந்த மறுநாள் போன் வந்தது.

"ஏனுங்கம்மா, பாப்பா பையில துணிக்கு அடியில அந்தச் சின்னக் கத்தி இருந்துச்சு."

நான்தான் வைத்தேன். பை கட்டும்போது வைத்தேன். வைக்கக்கூடாது என்று தெரிந்தே வைத்தேனா, தெரியாமல் கை வைத்ததா, எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு விளங்கவில்லை.

"எங்க கண்ணு இருக்குது இப்போ?"

"சமையல்கட்டுல. அத்தை அதுலதான் வெங்காயம் அரியறாங்க. நல்லா வெட்டுதாமா."

விடுப்பு முடிந்து பள்ளிக்குத் திரும்பிவிட்டேன். அங்கே சம்பந்தியம்மா பதினோரு மணிக்குக் கடைக்குப் போவார். மாப்பிள்ளை வேலையில் இருப்பார். மகளும் குழந்தையும் மட்டும் வீட்டில். எனக்கு அந்த நேரம் ஏழாம் வகுப்பு. மேஜைமேல் சோதனைக் குழாய்கள் இருக்கும். போன் கைப்பைக்குள் இருக்கும், ஜிப் போட்டபடி. மணி அடிக்கும்வரை அதைத் தொடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். நேற்று தொடவில்லை. இன்று ஜிப்பைப் பாதி திறந்துவிட்டு மூடினேன்.